கார்டு செல்லாத ஊரில் பன்னிரண்டு நாள்

என் மனைவிக்கு இன்றுவரை இதன் முழுக்கணக்கு தெரியாது. 2018 ஏப்ரலில் தனியாக ஈரானுக்குப் போய்ப் பன்னிரண்டு நாள் இருந்துவிட்டு வந்தேன். “ஊரு நல்லா இருந்துச்சு, ரொட்டி பிரமாதம்” என்று மட்டும் வீட்டில் சொல்லி முடித்துவிட்டேன். அந்த ரொட்டியை மூன்று நாள், மூன்று வேளையும், பாலாடைக்கட்டியும் பேரீச்சம்பழமும் வைத்துத் தின்றேன் என்பதைச் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருஷம் வங்கியில் காசு எண்ணியவன், முன்பின் தெரியாத ஒரு சந்தில் நின்று நோட்டை ஒன்றுக்கு இரண்டு தடவை எண்ணி, கணக்கு சரி என்று தலையாட்டிவிட்டு ஏமாந்து வந்ததை எந்த வாயால் சொல்வது? போன மாதம் ஆபீஸில் ஒரு பையன், “சார், நீங்க ஈரான் போனீங்களாமே, என்னென்ன பார்த்துக்கணும்?” என்று கேட்டான். அவனுக்குச் சொல்ல ஆரம்பித்து ஒரு மணி நேரம் ஓடிவிட்டது. அன்று எனக்கு இதைச் சொல்ல ஆளில்லாமல் போனதே என்ற எரிச்சலும் கூடவே வந்தது. அதனால் எழுதி வைக்கிறேன்.

ஏன் ஈரான் என்று எல்லாரும் கேட்பார்கள். காரணம் பாரிமுனை. அங்கே ஒரு கிளையில் ஒன்பது வருஷம் வேலை பார்த்தேன். மதியச் சாப்பாட்டுக்குப் போகும் வழியில் அரண்மனைக்காரத் தெரு. அங்கே எந்த அரண்மனையும் கிடையாது. அர்மேனியக்காரத் தெரு என்பது நம் வாயில் அரண்மனைக்காரத் தெருவாகிவிட்டது. தெருவிலிருக்கும் அர்மேனியத் தேவாலயம் 1772-இல் கட்டியது. வெயிலுக்கு ஒதுங்கி உள்ளே போனால் கால் வைக்கும் இடமெல்லாம் கல்லறைப் பலகைகள். அதில் ஒன்று ஹருத்யூன் ஷ்மாவோனியன் என்ற பாதிரியாருடையது. உலகத்தின் முதல் அர்மேனியப் பத்திரிகையை 1794-இல் நம் சென்னையில் அச்சடித்து வெளியிட்டவர். பிறந்த ஊர் ஈரானிலுள்ள ஷிராஸ். சைதாப்பேட்டையில் அடையாற்றின் மேல் 1726-இல் முதல் பாலம் கட்டியவரும், பரங்கிமலைக்குப் படிக்கட்டு கட்டிக்கொடுத்தவரும் கோஜா பெத்ரூஸ் உஸ்கான் என்ற அர்மேனிய வியாபாரி. 1751-இல் சென்னையில் இறந்தபோது, தன் இதயத்தை மட்டும் எடுத்துப் பெட்டியில் வைத்து இஸ்பஹான் பக்கத்திலுள்ள ஜுல்ஃபாவுக்கு அனுப்பச் சொல்லியிருந்தார், அப்படியே அனுப்பினார்கள். அந்தப் பரங்கிமலை உச்சியில் இருக்கும் கற்சிலுவையைச் சுற்றி வெட்டியிருப்பதும் பஹ்லவி எழுத்து, அதாவது பழைய பாரசீகத்தின் எழுத்து. இத்தனையும் தெரிந்த பிறகு, இதயத்தை அனுப்பச் சொல்லும் அளவுக்கு அது என்ன ஊர் என்று ஒரு தடவை பார்த்துவிடத் தோன்றாதா?

நான் செய்த முதல் தப்பு சென்னையிலேயே நடந்துவிட்டது. 2015-இல் ஈரானோடு அணு ஒப்பந்தம், 2016 ஜனவரியில் அந்த நாட்டின் மீதான தடைகள் நீக்கம் என்று செய்தித்தாளில் படித்ததோடு சரி. தடை போய்விட்டது, அப்படியென்றால் கார்டு வேலை செய்யும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். வங்கிக்காரன் என்ற திமிர்தான், வேறென்ன. நீங்கியது ஐ.நா., ஐரோப்பியத் தடைகளும், அணு விவகாரத்துக்காக அமெரிக்கா போட்டிருந்தவற்றில் ஒரு பகுதியும்தான். அமெரிக்க நிறுவனங்கள் ஈரானோடு தொழில் செய்யக் கூடாது என்ற அமெரிக்காவின் சொந்தச் சட்டம் அப்படியே இருந்தது. விசாவும் மாஸ்டர்கார்டும் அமெரிக்க நிறுவனங்கள். ஆக, அந்த நாட்டில் எந்த ஏ.டி.எம்.மிலும், எந்தக் கடையிலும் நம் கார்டு செல்லாது. அங்கே உள்ள இயந்திரங்கள் எல்லாம் ஷெத்தாப் என்ற உள்நாட்டு வலையமைப்பில் ஓடுகின்றன. இது தெரியாமல் ஃபாரெக்ஸ் கார்டில் 900 டாலரை ஏற்றிக்கொண்டு, கையில் 300 டாலர் மட்டும் நோட்டாக வைத்துக்கொண்டு கிளம்பினேன். ஹைதராபாத் துணைத் தூதரகத்தில் விசா வாங்க இரண்டு தடவை அலைந்தபோதாவது யாரிடமாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

இரண்டாவது விஷயத்தில் என் தப்பு ஒன்றுமில்லை, வெறும் நேரம். ஏப்ரல் 10-ஆம் தேதி விடியற்காலை தெஹ்ரானில் இறங்கினேன். அதற்கு முந்தின இரவுதான் அரசாங்கம் ஒரு அறிவிப்பு செய்திருந்தது: இனி டாலருக்கு ஒரே விலை, 42,000 ரியால், வேறு விலையில் வாங்கி விற்றால் கடத்தல் குற்றம். வெளிச்சந்தையில் அன்று டாலர் 60,000 ரியாலைத் தொட்டிருந்தது. விமான நிலையத்துப் பணம் மாற்றும் கவுன்டரில் இருந்தவர் என்னைப் பார்த்ததும் கையை விரித்தார். ஏ.டி.எம்.மில் கார்டைச் செருகினேன், துப்பியது. பக்கத்து இயந்திரமும் துப்பியது. ஐந்தாவது இயந்திரத்தில்தான் எனக்கு வயிற்றைக் கலக்கியது. டாக்சிக்காரர் டாலராகவே 25 வாங்கிக்கொண்டு ஊருக்குள் கொண்டுவிட்டார். ஹாஸ்டலில் பாஸ்போர்ட்டை வாங்கி வைத்துக்கொண்டு, “பணமா? ஃபெர்தோசி தெருவுக்குப் போங்க” என்றார்கள்.

ஃபெர்தோசி தெரு பணம் மாற்றும் கடைகளின் தெரு. அந்தக் கடைக்குப் பெயர் சரொஃபி. நம் பழைய தமிழில் சராப்பு என்று ஒரு சொல் உண்டே, காசு மாற்றுகிறவர், கஜானாவில் நாணயம் நோட்டம் பார்க்கிறவர், அதே சொல்தான். அன்று காலை ஒரு கடையிலும் வியாபாரம் இல்லை. விலை ஓடும் மின்பலகைகள் இருட்டாகிக் கிடந்தன. கடைக்காரர்கள் உள்ளே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். ஒருவரிடம் நூறு டாலர் நோட்டைக் காட்டினேன். புருவத்தை மட்டும் மேலே தூக்கி, நாக்கால் “ச்ச்” என்றார். அங்கே அது “இல்லை” என்பதற்கு அடையாளம். நடைபாதையில் கும்பல் கும்பலாக ஆட்கள், கூடவே போலீஸ். எனக்கு ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை, கையில் ஒரு ரியால் இல்லை, பசி வேறு.

அப்போதுதான் ஒருவன் பக்கத்தில் வந்து நடந்தான். வெள்ளைச் சட்டை, இஸ்திரி போட்ட பேன்ட், பார்த்தால் ஏதோ ஆபீஸ் குமாஸ்தா மாதிரி. ஆங்கிலத்தில் மெதுவாக, “டாலர்? ஐந்தாயிரத்து ஐநூறு” என்றான். சந்துக்குள் போனோம். நூறு டாலருக்கு ஐந்து லட்சத்து ஐம்பதாயிரம். என் மண்டைக்குள் பெருக்கல் சரியாக ஓடியது. அவன் கட்டை எடுத்தான். எல்லாம் பத்தாயிரம் ரியால் நோட்டு, பச்சையாக, கசங்கி, நடுவில் ரப்பர் பேண்ட். ஐம்பத்தைந்து நோட்டு. அவன் முன்னாலேயே எண்ணினேன், வங்கியில் எண்ணுகிற மாதிரி கட்டை மடித்துப் பிடித்துக் கட்டை விரலால். மறுபடி எண்ணினேன். 55 பெருக்கல் 10,000, ஐந்தரை லட்சம். கள்ள நோட்டா என்று வெளிச்சத்தில் தூக்கிக் கூடப் பார்த்தேன். நல்ல நோட்டுதான். அவன் பொறுமையாக நின்றான். “ஓகே?” என்றான். “ஓகே” என்றேன். கை கொடுத்துவிட்டுப் போனான்.

ஒரு கடையில் சாண்ட்விச்சும் மோரும் வாங்கினேன். விலையெல்லாம் ஆயிரங்களில் இருப்பதைப் பார்த்து, நம்மிடம்தான் ஐந்தரை லட்சம் இருக்கிறதே என்று தைரியமாக நீட்டினேன். கடைக்காரர் விரலைக் காட்டி இன்னும், இன்னும் என்று பதினைந்து நோட்டை வாங்கிக்கொண்டார். கட்டில் கால்வாசிக்கு மேல் காலி. அங்கேயே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். ஈரானில் நோட்டில் அச்சடித்திருப்பது ரியால். வாயால் பேசுவது தோமான். ஒரு தோமான் பத்து ரியால். அவன் சொன்ன ஐயாயிரத்து ஐநூறு, தோமான். எனக்கு வரவேண்டியது ஐம்பத்தைந்து லட்சம் ரியால். கொடுத்தது ஐந்தரை லட்சம். பத்தில் ஒரு பங்கு. பெருக்கல் சரி, எண்ணிக்கை சரி, நோட்டு சரி, அலகு தப்பு. இரண்டு அலகு உண்டு என்று விமானத்தில் படித்தும் இருந்தேன், அதுதான் இன்னும் வலிக்கிறது. போலீஸுக்கும் போக முடியாது. அன்றைய தேதியில் அந்தச் சந்துக்குள் போனதே நான் செய்த குற்றம்.

ஆகவே ஈரானுக்குப் போகிறவர்கள் முதல் நாளே மனதில் ஏற்ற வேண்டியது இது. எந்த விலையைக் கேட்டாலும் “ரியாலா, தோமானா?” என்று வாய்விட்டுக் கேளுங்கள். பெரும்பாலும் தோமானாகத்தான் இருக்கும். அதிலும் ஆயிரத்தை விழுங்கிவிட்டுத்தான் சொல்வார்கள். நான் போனபோது பழரசக் கடையில் “பஞ்ச்” என்றால் ஐந்து. ஐந்து என்றால் ஐயாயிரம் தோமான். அதாவது ஐம்பதாயிரம் ரியால். இப்போது வரும் பெரிய நோட்டுகளில் கடைசி நான்கு சைபரை மங்கலாக அச்சடிக்கிறார்கள், அதனால் குழப்பம் கொஞ்சம் வேறு தினுசாகியிருக்கும். இன்னொன்று, பாரசீக எண்களை ஒரு மணி நேரம் உட்கார்ந்து கற்றுக்கொண்டு போங்கள். மெனு, பஸ் எண், டிக்கெட்டில் சீட் எண் எல்லாம் அதில்தான். ஐந்து, தலைகீழாகப் பிடித்த இதயம் மாதிரி இருக்கும். சைபர் வெறும் புள்ளி. எழுத்து வலமிருந்து இடம் போனாலும் எண்ணை நம்மைப் போல இடமிருந்து வலமாகத்தான் படிக்க வேண்டும். நோட்டின் ஒரு பக்கம் அவர்கள் எண், மறுபக்கம் நம் எண் இருப்பதால் இந்தக் கற்றல் தேவையில்லை என்று நினைத்தேன். நோட்டு மட்டுமா வாழ்க்கை?

மறுநாள் வங்கிக்குப் போனேன், நேர்வழியில் மாற்றிவிடலாம் என்று. பாஸ்போர்ட் கேட்டார்கள். அது ஹாஸ்டலில். திரும்பிப் போய் வாங்கி வந்தால், இந்தக் கிளையில் அந்நியச் செலாவணி இல்லை, வேறு கிளைக்குப் போங்கள் என்றார்கள். அங்கே போனபோது மதியம் ஆகி மூடிவிட்டார்கள். கவுன்டருக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து இதே பதிலை எத்தனை பேருக்கு நானே சொல்லியிருக்கிறேன் என்று நினைத்தபோது சிரிப்பு வந்தது. கடைசியில் ஹாஸ்டல்காரர் 50 டாலரை அரசு விலைக்கே மாற்றிக் கொடுத்தார், ஒரு ரியால் கூடுதலாகக் கொடுக்கவும் அவருக்குப் பயம். கையில் மிச்சம் 125 டாலர், இருபது லட்சத்துச் சொச்சம் ரியால், இன்னும் பத்து நாள். வீட்டிலிருந்து அனுப்பச் சொல்லலாம் என்றால் வெஸ்டர்ன் யூனியனும் ஈரானில் கிடையாது. திரும்பும் டிக்கெட்டை முன்னுக்கு மாற்றலாம் என்றால் வித்தியாசத் தொகையைக் கட்ட வழி இல்லை. யஸ்த், பசார்கதே எல்லாவற்றையும் பட்டியலிலிருந்து அடித்தேன். இஸ்பஹானும் ஷிராஸும் மட்டும்.

இஸ்பஹான் பஸ்ஸில் ஆறு மணி நேரம். அங்கே சுவரெல்லாம் “பெர்யானி” என்று எழுதியிருப்பதாக ஒருவர் படித்துக் காட்டினார். ஆம்பூர்ப் பக்கம் வளர்ந்தவனுக்கு அதற்கு மேல் கட்டுப்பாடு ஏது? கணக்கு பார்க்காமல் உட்கார்ந்துவிட்டேன். தட்டில் வந்தது ஒரு ரொட்டி, அதன் மேல் அரைத்து வறுத்த ஆட்டுக்கறி வட்டமாக, லவங்கப்பட்டைத் தூள், பக்கத்தில் பச்சைத் துளசி மாதிரி இலை, பச்சை வெங்காயம். ஒரு பருக்கை சோறு இல்லை. பெர்யான் என்றால் அங்கே பொரித்தது, வறுத்தது, அவ்வளவுதான். சோறு வழியில் சேர்ந்துகொண்டது போலும். இப்படி நமக்குத் தெரிந்த சொல்லெல்லாம் அங்கே வேறு முகம் காட்டும். தராசு, ரசீது, பஜார் எல்லாம் சொன்னால் புரிகிறது. பேரம் பேச நம் “கம்மி”யில் பாதியைச் சொன்னாலே போதும், “கம்” என்றால் குறைவு. ஆனால் பந்தோபஸ்து என்ற சொல்லைப் பெருமையாகச் சொல்லிப் பார்த்தேன், எதிரில் இருந்தவர் திடுக்கிட்டார். அங்கே அதற்கு அர்த்தம் திரைமறைவு பேரம், கூட்டுக் களவாணித்தனம்.

அன்று சாயங்காலம் இன்னொரு அவமானம். டாக்சியிலிருந்து இறங்கி “எவ்வளவு?” என்றேன். டிரைவர் நெஞ்சில் கை வைத்து, “காபெல் நதாரே” என்றார். உங்களுக்கு முன் இது ஒரு பொருட்டே அல்ல என்று அர்த்தம். கையில் காசு இல்லாதவன் காதுக்கு அது எப்படிக் கேட்கும்? கடவுளே இறங்கி வந்ததாக நினைத்து, இரண்டு கையாலும் கும்பிட்டு நன்றி சொல்லிவிட்டு நடந்தேன். பின்னாலேயே ஹாரன். அந்த மனுஷர் முகத்தில் கோபம் இல்லை, கூச்சம்தான் இருந்தது. இதற்குப் பெயர் தாரோஃப். நம் ஊரில் கிளம்பப் போகிறவரை “இருந்து சாப்பிட்டுப் போகலாமே” என்று வாசலில் நின்று சொல்கிறோமே, அடுப்பில் ஒன்றும் இல்லாதபோதும், அந்த உபசாரப் பேச்சை அவர்கள் ஒரு கலையாகவே வளர்த்து வைத்திருக்கிறார்கள். கடைக்காரரும் சொல்வார், டிரைவரும் சொல்வார். நீங்கள் மறுக்க வேண்டும், அவர் மறுபடி சொல்வார், நீங்கள் மறுபடி மறுக்க வேண்டும். மூன்று தடவை தாண்டியும் விடாமல் சொன்னால்தான் மனதார என்று எடுத்துக்கொள்ளலாம். பணம் வாங்கும் தொழிலில் இருப்பவர் சொன்னால் முதல் தடவையிலேயே காசை எடுத்து நீட்டிவிடுவது நல்லது.

நான் போய்ச் சேர்ந்ததோ ஒரு விடுமுறைக் கொத்தில். அங்கே அப்போது வெள்ளிக்கிழமைதான் வார விடுமுறை, வியாழன் அரை நாள். அந்த வாரம் சனிக்கிழமையும் பண்டிகை. டாலரை எடுத்து நீட்டினால் எல்லாரும் பயந்தார்கள். மூன்று நாள் ரொட்டி என்று சொன்னேனே, அது இந்த மூன்று நாள்தான். வெள்ளியன்று நடந்தே ஜுல்ஃபா போனேன். 1604, 1605-இல் ஒட்டோமன் துருக்கியரோடு நடந்த போரின்போது, பாரசீக மன்னர் முதலாம் ஷா அப்பாஸ் அராஸ் ஆற்றங்கரையிலிருந்த பழைய ஜுல்ஃபா நகரத்து அர்மேனியர்களைக் கூண்டோடு பெயர்த்து வந்து இஸ்பஹான் ஆற்றுக்குத் தெற்கே குடிவைத்தார். பட்டு வியாபாரத்துக்கு அவர்கள் வேண்டும் என்பது கணக்கு. ஊரைப் பறிகொடுத்து வந்த அந்த ஜனம்தான் ஒரே நூற்றாண்டில் ஆம்ஸ்டர்டாம், வெனிஸ், சென்னை, மணிலா என்று கடை விரித்தது. 1638-இலேயே அங்கே அச்சகம் வைத்துப் புத்தகம் போட்டுவிட்டார்கள். வாங்க் தேவாலயத்துக்கு வெளியிலிருந்து பார்த்தால் மசூதி மாதிரிக் குவிமாடம், செங்கல் சுவர். உள்ளே போனால் கண் கூசும் அளவுக்குத் தங்கமும் ஓவியமும், கீழ்ப்பகுதியில் இஸ்பஹான் ஓடுகள். நுழைவுக் கட்டணம் கொடுக்கும்போது கை நடுங்கியது, ஆனால் அதற்காகத்தானே வந்தேன்.

வெளியே கல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தபோது ஒன்று உறைத்தது. முந்நூறு வருஷத்துக்கு முன் ஒரு ஜுல்ஃபா வியாபாரி சென்னையில் பணத்தைக் கட்டி, ஒரு தாளில் எழுதி வாங்கிக்கொண்டு போனால், இஸ்பஹானில் அந்தத் தாளைக் காட்டிப் பணம் வாங்கிவிடலாம். அவர்கள் அதைப் பராத் என்றார்கள். இஸ்பஹானில் அப்போது ஆயிரக்கணக்கில் இந்திய வட்டிக்கடைக்காரர்களும் சராப்புகளும் இருந்தார்கள், அவர்களிடம் அது ஹுண்டி. நம் நகரத்தார் வாயில் உண்டியல். கடல், பாலைவனம், கொள்ளைக்காரன் எல்லாம் தாண்டி ஒரு கையெழுத்து செல்லுபடியானது. என் பையில் சிப் வைத்த கார்டு இருந்தது, 900 டாலரோடு. அதற்கு ஒரு டம்ளர் டீ கிடைக்கவில்லை.

சனிக்கிழமை காலை, தங்கியிருந்த வீட்டுக்காரர், ஐம்பது வயதுக்கு மேலிருக்கும், என் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “ஆகா-யே ஹிந்தி, நீங்க ஏன் வெளியே சாப்பிடறதில்லை?” என்றார். ஆகா என்றால் ஐயா. சொல்லிவிட்டேன். சந்து, ஐம்பத்தைந்து நோட்டு, எல்லாவற்றையும். அவர் சிரிக்கவில்லை. சர்க்கரைக் கட்டியைப் பல்லிடுக்கில் வைத்து டீயை உறிஞ்சினார். அதற்கு அங்கே கந்த் என்று பெயர், நம் கற்கண்டில் உள்ள கண்டுக்குச் சொந்தம். பிறகு, “என் பையன் புனேயில் படிக்கிறான். நான் உங்களுக்கு ஐந்து லட்சம் தோமான் தருகிறேன். நீங்க ஊருக்குப் போய் அவன் கையில் கொடுங்க” என்றார். தாரோஃப் என்று நினைத்து “வேண்டாம், பரவாயில்லை” என்றேன். மறுபடி சொன்னார். மறுபடி மறுத்தேன். மூன்றாவது தடவை அவர் பேசவே இல்லை. எழுந்து உள்ளே போய், பணத்தைக் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டு, ரொட்டித் தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பச்சை நோட்டு இல்லை, ஐந்து லட்ச ரியால் தாள்கள் பத்து. இந்தத் தடவை நான் எண்ணவில்லை. எழுதிக் கொடுக்கிறேன் என்று பேனாவை எடுத்தேன், பையனின் போன் நம்பரை மட்டும் எழுதிக் கொடுத்தார். இதை யாருக்கும் வழியாகச் சொல்லவில்லை. அந்நியச் செலாவணி விதிகளை நினைத்தால் வங்கிக்காரனான எனக்கே இன்றும் கொஞ்சம் கூச்சம்தான்.

அந்தப் பணத்தில்தான் ஷிராஸும் பெர்செபோலிஸும். பாரசீகக் கவிஞர் ஹாஃபிஸின் கல்லறையில் சாயங்காலம் வயது வித்தியாசம் இல்லாமல் ஜனங்கள் கல்லைத் தொட்டு முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். தக்காணத்துப் பாமினி சுல்தான் அழைத்து, வழிச்செலவுக்குப் பணமும் அனுப்பி, ஹாஃபிஸ் ஹோர்முஸ் துறைமுகம் வரை வந்து, புயலைப் பார்த்துக் கப்பலிலிருந்து இறங்கி வீட்டுக்கே போய்விட்டார் என்று ஒரு கதை உண்டு. வழிச்செலவுப் பணத்தை வழியிலேயே தீர்த்துவிட்டார் என்பதும் அந்தக் கதையில் வரும். மனுஷர் மேல் எனக்குத் தனிப் பாசம் வந்துவிட்டது.

ஷிராஸிலிருந்து பெர்செபோலிஸ் சுமார் அறுபது கிலோமீட்டர். தனிக் கார் வைக்காமல், மர்வ்தஷ்த் வரை பங்கு டாக்சியில் போய் அங்கிருந்து இன்னொன்று பிடித்தேன், செலவு பாதிகூட ஆகவில்லை. கி.மு. 518 வாக்கில் பாரசீகப் பேரரசர் முதலாம் டேரியஸ் தொடங்கிய மாளிகை, கி.மு. 330-இல் அலெக்சாந்தர் காலத்தில் எரிந்தது. அபதானா மண்டபத்துப் படிக்கட்டுச் சுவரில் 23 நாட்டுத் தூதுக்குழுக்கள் காணிக்கையோடு வருகிறார்கள். கூட்டத்தில் நம்மவரைத் தேடினேன். தேட வேண்டியதே இல்லை: மேலுக்குச் சட்டை இல்லை, இடுப்பில் வேட்டி, வெறுங்கால். சிந்துப் பக்கத்து ஆட்கள், கல்வெட்டில் ஹிந்துஷ். ஒருவர் தோளில் காவடி, அசல் காவுத்தடி, இரண்டு பக்கமும் கூடை, கூடையில் சின்னச் சின்னப் பைகள். பொற்தூள் என்கிறார்கள். பின்னால் ஒருவர் கழுதையை ஓட்டி வருகிறார். இந்த மாளிகைக் கோட்டையில் 1933-இல் ஆயிரக்கணக்கான களிமண் ஏடுகள் கிடைத்தன. அதில் ஒரு பகுதி வழிப்போக்கர் கணக்கு. அரசரிடமோ ஆளுநரிடமோ முத்திரை போட்ட ஓலை வாங்கிக்கொண்டு கிளம்பினால், வழிநெடுகச் சாவடிகளில் காட்டிக் காட்டி மாவு, மது எல்லாம் வாங்கிக்கொள்ளலாம். இந்தியாவுக்கும் பாரசீகத்தின் இன்னொரு தலைநகரான சூசாவுக்கும் இடையே போய்வந்தவர்கள்கூடக் கணக்கில் இருக்கிறார்கள். இந்த ஏடுகளும் என்னைப் போலவே மாட்டிக்கொண்டவை. ஆராய்ச்சிக்கு என்று சிகாகோ போனவற்றை, ஈரான் மீதான நஷ்டஈட்டு வழக்கில் ஜப்தி செய்யப் பார்த்தார்கள். முடியாது என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் சொன்னது 2018 பிப்ரவரியில், நான் போவதற்கு இரண்டே மாதம் முன்பு. 2019-இல் 1,783 ஏடுகள் ஊர் திரும்பின.

இப்போது கணக்கு. சந்தில் போனது ஏறக்குறைய 90 டாலர், அன்றைய விலையில் ஆறாயிரம் ரூபாய்க்குக் கொஞ்சம் குறைவு. கார்டில் ஏற்றிய டாலரைத் திரும்ப ரூபாயாக மாற்றியதில் ஆயிரத்துச் சொச்சம். நாள் கணக்கில் நான்கு நாள் பாழ். யஸ்த் பார்க்கவில்லை, பசார்கதேயில் பழைய பாரசீகப் பேரரசர் சைரஸின் கல்லறை பார்க்கவில்லை. நான் வந்த மறுமாதம், மே 8-ஆம் தேதி, அமெரிக்கா ஒப்பந்தத்திலிருந்து வெளியேறியது. ஜூலைக் கடைசியில் வெளிச்சந்தையில் டாலர் ஒரு லட்சம் ரியாலைத் தாண்டியது. ஆகஸ்டில் சராப்புக் கடைகளை மறுபடி திறக்க விட்டார்கள். எனக்கு ஏழாயிரமோ என்னவோ போயிற்று, அங்கே சம்பளக்காரர்களுக்குப் போனது பாதி வாழ்க்கை.

ஆபீஸ் பையனுக்குச் சொன்னதையே இங்கும் சொல்கிறேன். போகலாமா என்பதை முதலில் வெளியுறவு அமைச்சகத்தின் அறிவுறுத்தலைப் பார்த்து முடிவு செய்யுங்கள், அங்கே நிலைமை மாதத்துக்கு மாதம் மாறுகிறது. 2024 பிப்ரவரியில் இந்தியர்களுக்கு விசா வேண்டாம் என்றார்கள், 2025 நவம்பரில் அதை நிறுத்திவிட்டார்கள். போவதானால் மொத்தச் செலவையும், அதில் பாதியை அவசரத்துக்கு என்று சேர்த்தும், டாலராகவோ யூரோவாகவோ நோட்டாக எடுத்துப் போங்கள். கசங்காத நோட்டு, இரண்டு மூன்று இடத்தில் பிரித்து வையுங்கள். அறை வாடகையையும் உள்நாட்டு விமானத்தையும் ஊரிலிருந்தே முகவர் மூலம் கட்டிவிட முடிந்தால் கட்டிவிடுங்கள். சுற்றுலாக்காரர்களுக்கு உள்ளூர் டெபிட் கார்டு கொடுக்கும் நிறுவனங்கள் அங்கே உண்டு, விசாரியுங்கள். தெருவில் நின்று மாற்றாதீர்கள். பாஸ்போர்ட்டை ஹாஸ்டலில் கொடுத்தால் வங்கி நாளில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அவர்கள் நாள்காட்டியில் எந்த நாள் விடுமுறை என்று பார்த்து டிக்கெட் போடுங்கள், முக்கியமாக மார்ச் 20-ஐ ஒட்டி நவ்ரூஸ் என்ற அவர்கள் புத்தாண்டு வந்தால் இரண்டு வாரம் நாடே ஊர் சுற்றக் கிளம்பிவிடும், இடம் கிடைக்காது. லண்டனிலும் டொரன்டோவிலும் இருக்கும் சொந்தக்காரர்கள் இதைப் படித்தால்: பிரிட்டன், கனடா, அமெரிக்கா பாஸ்போர்ட்காரர்கள் வழிகாட்டியோடுதான் சுற்ற முடியும். பிரிட்டன், ஆஸ்திரேலியா மாதிரி நாட்டுக்காரர்கள் ஈரான் போய்வந்தால் பிறகு அமெரிக்காவுக்கு விசா இல்லாமல் போகும் சலுகையும் போய்விடும்.

ஊர் வந்து இரண்டாம் நாள் புனேக்குப் போன் போட்டேன். பையன் நல்ல ஆங்கிலம் பேசினான், நடுவே கொஞ்சம் இந்தி. உங்கள் அப்பா கொடுத்த பணம், கணக்குப் பார்த்து எட்டாயிரம் ரூபாய் வைத்திருக்கிறேன், அக்கவுண்ட் நம்பர் சொல்லுங்கள் என்றேன். “காபெல் நதாரே, அங்கிள்” என்றான். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. இல்லை தம்பி, சொல்லுங்கள் என்றேன். அப்பா கோவிப்பார் என்றான். மறுபடி கேட்டேன். நீங்க எங்க விருந்தாளி என்றான். விடவில்லை, நான்காவது தடவையும் கேட்டேன். போன் கொஞ்ச நேரம் அமைதியாக இருந்தது. அப்புறம் வாட்ஸ்அப்பில் அக்கவுண்ட் நம்பரும் ஐ.எஃப்.எஸ்.சி. கோடும் வந்தன.